விசிலுக்குப் பல் கட்டிய கதை

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எழும்பி நிற்கும் கட்டடங்களில் பாதி, ஒரே ஒரு ஆளின் பல்லிடுக்குக் காற்றில் எழும்பியவை. அந்த ஆளை வேலைக்கு வைத்தது நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு லாரி கழுவ வந்தவன், இன்று நசரத்பேட்டையில் சொந்த யார்டில் கிரேன்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறேன் என்றால், ஆள் பிடிக்கத் தெரிந்தவன் என்றுதானே அர்த்தம்?

அவன் பேர் விசில். வேறு பேர் இருந்திருக்கும். அவன் பெண்டாட்டியே அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிரேன் ஓட்டுகிறவனுக்குச் சரக்கு எங்கே இறங்குகிறது என்று மேலிருந்து தெரியாது. கீழே ஒருத்தன் நின்று கையாலும் விசிலாலும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கழுத்தில் பிளாஸ்டிக் விசில் மாட்டியிருப்பார்கள். இவனுக்கு மேல்வாய் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. இரண்டு கையும் ஆகாயத்தில் இருக்க, சத்தம் அந்தச் சந்து வழியாக வரும். குட்டிக் குட்டியாக வந்தால், மெதுவாக இறக்கு. சுரீரென்று ஒன்று வந்தால், நிறுத்து. நீளமாக இழுத்துத் தணிந்தால், சரக்கு பத்திரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டது. அந்த நீள விசிலை மட்டும் லேசில் தர மாட்டான்.

கையும் வாயும் சும்மா இருக்காது. தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தால் கை காட்ட ஓடுவான். பெண்டாட்டி தோசையைத் தட்டில் போட்டால்கூட, "லெப்டு, லெப்டு, அப்டியே எறக்கு" என்பான். எனக்கு மூட்டு போன பிறகு, மாடி ஆபீஸிலிருந்து பக்கவாட்டில்தான் படி இறங்குவேன். கீழே நின்று கையைத் தூக்கிவிடுவான்.

"டேய், நான் இன்னா ஜெனரேட்டராடா?"

"வெயிட்டு ஒண்ணுதான் அண்ணாத்தே. கொக்கிதான் மாட்டல."

சோடா மூடியையும் கயிற்று முடிச்சையும் பல்லாலேயே பிரித்த பாவி. பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. கடைசியில் கடைவாயில் நாலைந்து மட்டும் காவலுக்கு நின்றன. விசில், வாஷர் போன குக்கர் மாதிரிப் புஸ்ஸென்றது. ஒரு நாள் 'நிறுத்து' ஆபரேட்டர் காதில் விழாமல், இரும்புச் சட்டம் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. சைட்டின் பாதுகாப்பு அதிகாரி, "ஒழுங்கா சிக்னல் குடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா கேட்டுக்கு வெளிய நிக்கட்டும்" என்றார்.

பிளாஸ்டிக் விசில் வாங்கிக் கொடுத்தேன். ஈறில் நிற்காமல் நழுவி விழுந்தது. வாக்கி-டாக்கியில் பேசவிட்டேன். ஓடு மேல் மழை பெய்வது போலக் கேட்டது. ஒரு பல் ஆஸ்பத்திரியில் வாய்க்குள் மாவைத் திணித்து அச்செடுத்து ஒரு பல்செட் செய்து வாங்கினோம். மாவு இறுகுவதற்குள் அவன் குமட்டி அசைத்ததில் செட் லொடலொட. நெமிலிச்சேரியில் ஒரு கிடங்குக்குத் தளம் போட்டபோது, 'நிறுத்து' என்று முழு மூச்சில் ஊதினான். பல்செட் தோட்டா மாதிரிப் பறந்து ஈரக் கான்கிரீட்டில் விழுந்து முங்கிப் போனது. இன்றும் அந்தத் தளத்துக்குள் சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

அன்று அவன் சிரிக்கவில்லை. "ஊட்ல குந்திக்கினு இன்னா அண்ணாத்தே பண்ணுவேன்? தோசைக்கா சிக்னல் குடுக்கறது?"

கரையான்சாவடியில் புதிதாக வாய்க்குள் ஸ்கேன் எடுக்கும் பல் டாக்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, நானே காரில் அழைத்துப் போனேன். டாக்டர் கோயமுத்தூர்ப் பெண். தடித்த பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டால், திரையில் வாய் முளைக்கிறது.

"இது பிட்டு பிட்டாப் படம் எடுத்து ஒட்டுமுங்க" என்றார். "பல்லு இருந்தா மேடு, ஓரம்னு அடையாளம் கெடைக்கும். இவருக்கு முன்னாடி பூரா வழவழன்னு ஈறுதான். எங்க நிக்கறோம்னே அதுக்குத் தெரியாதுங்க. துளி தப்பினாலும் செட்டு ஆடும்."

"போர்டு இல்லாத பைபாஸ்ல திரும்பற எடம் தேடற மாதிரி" என்றேன். இதற்குப் படிப்பா வேண்டும்?

ஈறில் புள்ளி புள்ளியாக அடையாளம் ஒட்டினார். மிச்சமிருந்த கடைவாய்ப் பல்லில் தொடங்கி, கேமரா மெல்ல நகர்ந்தது. தலைக்கு மேல் ஏதோ ஆடினால் நம் ஆள் விடுவானா? இரண்டு கையும் எழும்பின. லெப்டு, லெப்டு, மெதுவா! டாக்டரும் தன்னையறியாமல் லெப்டில் போய்விட்டார். உடனே 'நிறுத்து' ஊதப் பார்த்தான். நாக்கு துள்ளியது. திரையில் ஈறு, தோசைமேல் தோசையாக மடிந்தது.

"அண்ணா, கையக் கீழ வைங்க!"

வைத்தான். மறுபடி எழும்பியது. கடைசியில் நானே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் இரண்டு கைகளையும் என் மடியில் பிடித்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ டன்னை இறக்கிய கைகள். என் பிடிக்குள் அடங்கின. நாக்கும் அடங்கியது. படம் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அறுபடாமல் வந்தது.

செட் வந்தது. பிடித்து இழுத்தாலும் அசையவில்லை. ஆசையாக ஊதினான். புஸ்கூட வரவில்லை.

பற்கள் சந்தே இல்லாமல் முத்து முத்தாக ஒட்டி நின்றன. இருப்பதை மயிரிழை பிசகாமல் அளக்கிற ஸ்கேனர், இல்லாமல் போன சந்தை எப்படி அளக்கும்?

"அய்யோ, அழகா இருக்கட்டுமேன்னு நான்தான் சேத்து வெச்சேனுங்க!"

"இந்த மூஞ்சிக்கு அழகு இன்னாத்துக்கும்மா? சந்து வைம்மா" என்றான் அவன்.

எவ்வளவு சந்து? இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடு கனம் என்றான் விசில். தீக்குச்சி கனம் என்றேன் நான். போனில் கேட்டால் ஆபரேட்டர், கல்யாணப் பத்திரிகை கனம் என்றான். அந்தப் பெண் சலிக்காமல், கம்ப்யூட்டரில் இருந்த அதே வாய்க்கு மூன்று மாதிரிப் பல்செட்களைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்தார். பத்திரிகை முனகியது. பிளேடு கொசுவாக அழுதது. தீக்குச்சியைப் போட்டு ஊதினான் பாருங்கள், காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றார்கள். ரோட்டில் போன பஸ் பிரேக் போட்டது. செட் இம்மியும் நகரவில்லை. அவன் வாயை அவனைவிட நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன் என்று அன்றே டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

அதே அளவில் சந்து வைத்து நிரந்தர செட் கட்டி, சைட்டுக்குப் போனோம். பெரிய ஜெனரேட்டர் ஒன்று இறங்கியது. குட்டிக் குட்டியாக விசில்; கடைசியில் நீளமாக ஒன்று. அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கும் வரச் சொல்லுங்க" என்றார்.

இப்போதும் சாயங்காலம் நான் மாடியிலிருந்து இறங்கும்போது, கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். யார்டே பார்த்துச் சிரிக்கும். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் இறங்குவேன். ஆனால் கடைசிப் படியில் கால் வைத்த பிறகும், அந்த நீள விசில் கேட்கும்வரை கைப்பிடியை விடுவதில்லை.