ஷேர் ஆட்டோவில் பின்லாந்து

கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே வசிக்கிற யாரைக் கேட்டாலும், பின்லாந்தின் வடகோடியில் கோடைக்காலத்தில் சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று பளிச்சென்று பதில் சொல்வார்கள். மறையவே மறையாது என்பதுதான் விடை. இந்த அறிவை எங்களுக்குப் புகட்டியது பள்ளிக்கூடம் அல்ல, ஒரு ஷேர் ஆட்டோ. அதை ஓட்டியவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'பின்லாந்து'.

அதற்கு முன்னால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். திருப்போரூரில் ஏறுகிற ஆள் தையூர் தாண்டுவதற்குள் சம்பளம், சர்க்கரை அளவு, மாமியாரின் குணம் எல்லாவற்றையும் கறந்துவிடுவார். ஆபீசுக்கு நான் தினமும் அந்த வண்டியில்தான் போவேன். என் மனைவிக்கே தெரியாத விஷயங்கள் அவருக்குத் தெரியும். மறைத்துத்தான் பார்த்தேன், முடியவில்லை.

அவருக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் வேலைக்குப் பின்லாந்து போனவள், அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். மகள் உண்டாகியிருக்கிறாள், அப்பாவைப் பிரசவத்துக்கு வரச்சொல்லி டிக்கெட் எடுத்துவிட்டாள் என்று ஒருநாள் வண்டியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். கூடவே மகள் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள்: "அப்பா, இங்க யாரும் அநாவசியமாப் பேச மாட்டாங்க. நம்மூரு மாதிரி கேள்வி கேட்டா பயந்துடுவாங்க." அன்றிலிருந்து எங்களுக்குச் சனி பிடித்தது.

முதலில் பின்லாந்தைப் பற்றிப் புத்தகம் வாங்கி, படித்ததையெல்லாம் வண்டியில் எங்களிடம் ஒப்பித்தார். பிறகு செல்போனில் வீடியோ பார்த்தார். அந்த ஊரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நிற்பார்கள் என்று தெரிந்ததும், 'இடைவெளி விட்டு அமரவும்' என்று சீட்டுக்கு எதிரே எழுதி ஒட்டினார். எட்டுப் பேர் மடிமேல் மடியாக உட்காரும் வண்டி அது. மீன் கூடையோடு ஏறிய அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எடம் வுட்டு குந்தினா மீதிப் பேரு எங்க குந்துறது? உன் தலைமேலயா?" என்றார். மறுநாள் காகிதத்தைக் காணோம்.

குளிருக்கும் பயிற்சி எடுத்தார். கடப்பாக்கத்தில் அவருடைய மச்சான் மீனுக்கு ஐஸ் கொடுக்கும் கிடங்கு வைத்திருக்கிறார். இரண்டு ஸ்வெட்டர், குரங்குக்குல்லாய் சகிதம் ஐஸ் பாளங்களுக்கு நடுவே போய், கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்துவிட்டார். ஐஸ் வாங்க வந்த பெண்மணி கதவைத் திறந்தவள், சொந்தக்காரர்கள் வரும்வரை பிணத்தை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தெருவையே கூட்டிவிட்டாள். இவர் எழுந்து சமாதானம் சொல்லப் போனதில் இரண்டு பேர் மயக்கம் போட்டார்கள். இவருக்கு நாலு நாள் காய்ச்சல்.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர் எவரைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி, "பின்லாந்தா?" என்பார். ஒருநாள் நிஜமாகவே ஒருவர் சிக்கினார். அவரைக் கோவளம் வரை ஏற்றிப்போய், தெரிந்த இங்கிலீஷில் நாற்பது கேள்வி கேட்டிருக்கிறார். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாராம்.

"பாத்தீங்களா சார், படிச்சதெல்லாம் கரெக்டா கீது" என்று பூரித்துப்போனார். இவர் வண்டி ஓட்டுகிற லட்சணத்தில் எந்த நாட்டுக்காரனுக்கும் பேச்சு வராது என்று நான் சொல்லவில்லை.

கடைசிப் பாடம்தான் கொடுமை. பேசாமல் இருக்கப் பழகினார். உதட்டை இறுக்கிக்கொண்டு அவர் ஓட்டுவதைப் பார்த்து, பல்வலி என்று ஒருவர் கிராம்புத் தைலம் கொடுத்தார். வீட்டில் ஏதோ துக்கம் என்று மீன்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசா படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அப்போது கேட்டேன். "எதுக்குண்ணா இந்தப் பாடு? பெத்த பொண்ணு வூட்டுக்குத்தானே போறீங்க?"

"தலைப்பிரசவத்துக்கு அம்மாக்காரிதான் சார் போவணும். அவ இருந்திருந்தா ஒண்ணும் படிக்க வேணாம். நேரா அடுப்பாண்ட போயிருப்பா. மிளகு ரசம் வெப்பா, கொழந்தைய குளுப்பாட்டுவா. எனக்கு இன்னா தெரியும்? நம்மளால பொண்ணு அவ மாமியார் முன்னால தல குனியாம இருந்தா, அதான் நான் செய்ற ஒத்தாச."

படிவத்தில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டு, அடித்துத் திருத்தினேன்.

போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து வீடியோ காலில் வந்தார். கையில் துணிச்சுருள் மாதிரி ஒரு பேத்தி.

"நாலு நாளு சார், ஒரு வார்த்த பேசல. சோபாவுல ஓரமா ஒக்காந்து தலைய மட்டும் ஆட்டினேன். சம்பந்தியம்மாவே அசந்துட்டாங்கோ. எங்க ஊர்க்காரர் மாதிரியே கீறாருன்னு மருமவன்கிட்ட சொன்னாங்களாம்."

"பரவாயில்லையே. பாஸ் பண்ணிட்டீங்க."

"கேளுங்க சார். அஞ்சாம் நாளு காலைல காப்பி கொண்டாந்த பொண்ணு, டம்ளர வெச்சிட்டு ஓன்னு அழுவுது. 'ஏம்ப்பா, இவர கட்டிக்கினது ஒனக்கு இன்னும் கோவமா? வந்ததுலேர்ந்து மூஞ்சி குடுத்துப் பேச மாட்ற. இங்க பேச ஆளே இல்லாம, நீ வருவ, வாய் ஓயாம பேசுவன்னு நாள எண்ணிகினு இருந்தேனே'ங்குது."

அவர் குரல் உடைந்தது. பேத்தியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஆரம்பிச்சேன் சார். மீன்காரம்மா எதுத்த வூட்டாண்ட போட்ட சண்டைய மட்டும் ரெண்டு வாட்டி சொல்லச் சொன்னா. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ள என்னயும் வுட்டாங்கோ. கைய கெட்டியாப் புடிச்சிகினு, 'நிறுத்தாதப்பா, பேசு'ன்னா. கொழந்த அழுவுற சத்தம் கேக்குற வரிக்கும் பேசிகினே இருந்தேன்."

பேத்தி கொட்டாவி விட்டாள். அவளுக்கும் ஏதோ ஊர்க்கதை சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த விசாவ இன்னும் கொஞ்ச நாளு நீட்டிக்க முடியுமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்கவும் செய்வேன். ஆனால் அவர் இல்லாமல், திருப்போரூரிலிருந்து கேளம்பாக்கம் ரொம்பத் தூரமாக இருக்கிறது.