செவன் பி-க்கு யார் போறது?

உலகத்துல எந்த மூலையில ஒரு டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எங்க அரேஞ்ச்மெண்ட் மேடத்துக்கு மூக்குல வேர்த்துடும். நான் அளந்து விடறேன்னு நினைக்கிறவங்க, தெற்கு டெல்லியில நான் கணக்கு சொல்லிக் கொடுத்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமுல ஒரே ஒரு டீயை நிம்மதியா குடிச்சுக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஒரு டீச்சர் லீவு போட்டா அவங்க வகுப்பு காலியா இருக்கக் கூடாது. அந்த நேரத்துல கிளாஸ் இல்லாத இன்னொரு டீச்சரைப் பிடிச்சு அங்கே அனுப்பணும். இதுக்குப் பேர் அரேஞ்ச்மெண்ட். யார் எங்கே போகணும்னு சின்னச் சீட்டுல எழுதி, அவங்ககிட்ட கையெழுத்து வாங்கறது ஒருத்தர் வேலை. எழுதற ஆளை மொத்த ஸ்டாஃப் ரூமும் வாய்க்கு வந்தபடி திட்டும்ங்கறதால அந்த வேலையை யாரும் தொட மாட்டாங்க. இவங்க கேட்டு வாங்கிக்கிட்டாங்க. சோஷியல் சயின்ஸ் டீச்சரா வந்தவங்களுக்குக் கடைசியில அதுவே பேராகிப் போச்சு. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவங்களே திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

ஈரோட்டுப் பக்கத்துக்காரங்க. கழுத்தை அறுக்கறதைக்கூட கொங்கு மரியாதையோடதான் செய்வாங்க. நான் டிஃபன் டப்பா மூடியைத் திறந்திருப்பேன், முதுகுக்குப் பின்னாடி குரல் கேட்கும்.

"ஏங்கண்ணு, சும்மாத்தான இருக்கற? அப்படியே நைன் ஏ வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு சாமி."

"மேடம், சாப்பிடறேன்."

"சாப்பிடு, சாப்பிடு. யாரு வேண்டாம்னாங்க? அங்க போய் உக்காந்து சாப்பிடு."

எங்க ஹிந்தி சார் மீரட்காரர், நல்ல உயரம், நல்ல மீசை. போலீஸுக்கே பயப்படாத மனுஷன் இந்த அம்மாவுக்குப் பயந்து ஒருநாள் லைப்ரரி பீரோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டார். மேடம் எட்டிக்கூடப் பார்க்கல. பீரோவுக்கு அடியில சீட்டைத் தள்ளிவிட்டுட்டு, தன்னோட ஈரோட்டு ஹிந்தியில "பென் ஹைங்களா?"ன்னு, அதாவது பேனா இருக்குதான்னு கேட்டாங்க. உள்ளேயிருந்து "ஹை"ன்னு ஒரு ஈனக்குரல் வந்துச்சு.

எங்களை விடுங்க, நாங்க சம்பளம் வாங்கறவங்க. பாலிசி விக்க வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருத்தர், "யாராவது ஃப்ரீயா இருக்கீங்களா மேடம்?"னு வாய் தவறிக் கேட்டுட்டார். "நீங்க ஃப்ரீயாத்தான இருக்கறீங்?"ன்னு அவரை சிக்ஸ் சி-க்கு அனுப்பிட்டாங்க. முப்பத்தஞ்சு நிமிஷம் கழிச்சு டை அவிழ்ந்து, தலை கலைஞ்சு வெளியே வந்தார். அதுக்கப்புறம் எந்த ஏஜெண்டும் எங்க தெருப் பக்கம் வந்ததா தகவல் இல்ல.

கரோல் பாக்ல எங்க டீச்சர் ஒருத்தியோட கல்யாணம். புரோகிதர் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டார். முகூர்த்தம் நெருங்குது. மேடம் சுத்தி ஒரு பார்வை பார்த்துட்டு, சீட்டு எடுக்கக் கைப்பையைத் திறந்தாங்க. அவ்வளவுதான், மண்டபத்துல இருந்த டீச்சருங்க அத்தனை பேரும் பந்திக்கு ஓடிட்டோம்.

இதைவிட ஒண்ணு. ஆர்.கே.புரம் மலை மந்திர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, முருகன் சந்நிதியில கண்ணை மூடி நின்னுக்கிட்டிருக்கேன். காதுக்குப் பக்கத்துல "நாளைக்கு ரெண்டாவது பீரியட் உனக்கு ஒண்ணுமில்லையே கண்ணு?"ன்னு ஒரு குரல். பக்திப் பரவசத்துல "இல்லப்பா முருகா"ன்னு சொல்லிட்டேன். திங்கக்கிழமை காலையில சீட்டு வந்துச்சு.

ஏன் மேடம் இப்படி எங்க உயிரை வாங்கறீங்கன்னு ஒருநாள் கேட்டே விட்டேன். "டீச்சர் இல்லாத கிளாஸைப் பார்த்தா, அடுப்புல பாலை வெச்சுட்டு வெளிய வந்த மாதிரி இருக்குது கண்ணு. எனக்கு இருப்புக் கொள்ளாது" அப்படின்னாங்க. அப்படிப்பட்ட பொம்பளையை ஸ்ட்ரைக்குல உட்கார வெச்சா என்ன ஆகும்? ஆச்சு.

எங்க பள்ளிக்கூடம் அரசு உதவி பெறும் பள்ளி. சர்க்கார் கிராண்ட் ஒரு பங்கு, கமிட்டி போடறது ஒரு பங்கு. புதுச் சம்பள விகிதம் வந்து ஊரெல்லாம் வாங்கிட்டாங்க, எங்களுக்கு மட்டும் வரல. கேட்டா "கிராண்ட் வரல"ம்பாங்க. கிராண்ட் வந்தா "எங்க பங்கு இல்ல"ம்பாங்க. ஆனா வாசல்ல மட்டும் புதுசா ஒரு அலங்கார வளைவு முளைச்சிருந்துச்சு. கமிட்டியில தலைவர், செகரட்டரி, பொருளாளர்னு மூணு பேர். மூணு பேரும் மத்திய சர்க்கார்ல பெரிய பதவி பார்த்து ரிட்டையர் ஆனவங்க. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் "பரிசீலிக்கலாம்"னு சொல்லியே பழகிட்டாங்க, பாவம்.

இதைவிடக் கொடுமை கான்ட்ராக்ட் டீச்சருங்க நிலைமை. ஏப்ரல் கடைசியில வேலை முடிஞ்சுதுன்னு அனுப்பிடுவாங்க. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஜூலையில கூப்பிட்டா உண்டு, இல்லன்னா இல்ல. எங்க ஜெஸ்ஸி அப்படி ஒருத்தி. நாகர்கோவில் பொண்ணு, சயின்ஸ் டீச்சர், தலைப்பிள்ளை வயித்துல, மே மாசம் பிரசவம். மே மாசம் அவ வேலையிலேயே இருக்க மாட்டா, அப்புறம் பிரசவ லீவு எங்கேயிருந்து வரும்? அவ புருஷன் வேலை பார்த்த கம்பெனியும் அப்பத்தான் ஆள் குறைச்சிருந்துச்சு. வீட்டுல வர்ற ஒரே சம்பளம் இவளோடது.

ஸ்ட்ரைக் பத்திப் பேசக் கூட்டம் போட்டோம். ரெண்டு கோரிக்கை: எல்லாருக்கும் புதுச் சம்பளம், கான்ட்ராக்ட் டீச்சருங்களுக்குப் பன்னிரண்டு மாசமும் வேலை, லீவு உட்பட. மேடம் உம்முன்னு உட்கார்ந்திருந்தாங்க. ஸ்ட்ரைக்னா கிளாஸ் எல்லாம் காலியா கிடக்குமேன்னு அவங்களுக்குக் கவலை. கடைசியில ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஜெஸ்ஸி போயிட்டா அவ கிளாஸுக்கு யார் போறது?"

"வேற யாராவது வருவாங்க மேடம்"னு யாரோ சொன்னாங்க.

"யாராவதுன்னு ஒரு டீச்சரை நான் பார்த்ததே இல்லீங். பேர் சொல்லுங்."

கேட்டுட்டு, மேடம் ஸ்ட்ரைக்குக்கு ஆதரவா கையைத் தூக்கிட்டாங்க.

பிப்ரவரி மாசம். கேட்டுக்கு வெளியே இதமான வெயில்ல ஜமக்காளம் விரிச்சு, வேர்க்கடலையும் ஆரஞ்சுமா உட்கார்ந்தோம். பிரின்சிபாலுக்கு அன்னிக்குன்னு பார்த்து முதுகுவலி, வீட்டோட இருந்துட்டார். ஸ்ட்ரைக் பிசுபிசுத்துப் போச்சுன்னு காட்டறதுக்காக செகரட்டரி சார் முந்தின நாளே "பள்ளி வழக்கம்போல் இயங்கும்"னு பெற்றோர் குரூப்புல போட்டுட்டார். பிள்ளைங்க மொத்தமும் வந்தாச்சு. உள்ளே டீச்சர்னு ஒரு ஈ காக்கா இல்ல.

ஹிந்தி சார் கோஷம் போட, நாங்க பதில் கோஷம் போட்டோம். மேடம் வாய் மட்டும் அசையுது, காது முழுக்க உள்ளே இருக்கு. கொஞ்ச நேரத்துல செவன் பி பக்கமிருந்து ஒரு சத்தம். பெஞ்ச் விழுந்துச்சா, கூரை விழுந்துச்சான்னு தெரியல. மேடம் எழுந்துட்டாங்க.

"மேடம்ஜி, உள்ளே போனீங்கன்னா ஸ்ட்ரைக் போச்சு!"ன்னு ஹிந்தி சார் கையைப் பிடிக்காத குறையா கெஞ்சினார்.

"நான் எங்கீங் போறேன்? சீட்டுத்தான் போவுது."

கைப்பையிலேர்ந்து சீட்டுக் கட்டு வெளிய வந்துச்சு. ஆபீஸ் ரூமுல யார் யார் வேலையில்லாம உட்கார்ந்திருக்காங்கன்னு நாங்க பையான்னு, அதாவது அண்ணான்னு கூப்பிடற கேட் காவலாளிகிட்ட விசாரிச்சாங்க. கமிட்டிக்காரங்க மூணு பேர்னு சொன்னார். தலைவர், லெவன் ஏ. பொருளாளர், நைன் ஏ. செகரட்டரி, செவன் பி, பாடம் சயின்ஸ். எழுதி பையா கையில கொடுத்து அனுப்பிட்டாங்க. நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். மேடம் சிரிக்கல. அவங்களுக்கு அது வேடிக்கை இல்ல, வேலை.

கொஞ்ச நேரத்துல மூணு சீட்டும் திரும்பி வந்துச்சு. மூணுலயும் கையெழுத்து! செகரட்டரி சார் "பார்த்தேன்"னு எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதியும் போட்டிருந்தார். வாழ்நாள் பூரா காகிதத்துல கையெழுத்துப் போட்டே வாழ்ந்த கை, முன்னாடி ஒண்ணை நீட்டினதும் தானா போட்டுடுச்சு. போட்ட பிறகு அதை நிறைவேத்தாம இருக்க அவங்க மனசு இடம் கொடுக்குமா? மூணு பேரும் கோட்டைச் சரி பண்ணிக்கிட்டு வராண்டாவுல நடந்து போறதைக் கம்பி இடுக்கு வழியா நாங்களே பார்த்தோம். ஹிந்தி சார் கையில இருந்த கடலையைக் கீழே போட்டுட்டார்.

உள்ளே நடந்ததை கேட் பையா ஓடி ஓடி வந்து கிரிக்கெட் கமென்டரி மாதிரி சொன்னார். லெவன் ஏ-ல தலைவர் நாற்காலியிலேயே தூங்கிட்டாராம், பிள்ளைங்க இரக்கப்பட்டு லைட்டை அணைச்சுட்டாங்களாம். பொருளாளர் போர்டுல ஒரு கணக்கைத் தப்பாப் போட்டு, அதைச் சரி பண்ணப் போய் இன்னும் தப்பாப் போட்டுக்கிட்டிருக்காராம். செவன் பி-ல ஒரு வாண்டு எழுந்து, "சார், செடி ராத்திரியில கானா சாப்பிடுமா?"ன்னு கேட்டுதாம். செகரட்டரி சார், "அது பரிசீலனையில் இருக்கு"ன்னாராம். "கப் தக் சார்?"னு, எது வரைக்கும்னு மொத்த கிளாஸும் கத்திச்சாம். அந்தப் பீரியட் முடிஞ்சு அவர் வெளிய கால் வைக்கறதுக்குள்ள மேடம் அடுத்த சீட்டை அனுப்பிட்டாங்க. மறுபடியும் செவன் பி.

மத்தியானம் மூணு பேரும் கேட்டுக்கு வந்தாங்க. செகரட்டரி சார் கோட்டெல்லாம் சாக்பீஸ் தூள். காலர்ல ஒரு காகித ராக்கெட் சொருகியிருந்துச்சு, அவருக்கே தெரியல. ஒரு காகிதத்தைப் பிரிச்சார்.

"புதுச் சம்பளம் அடுத்த மாசத்துலேர்ந்து குடுத்துடறோம். கான்ட்ராக்ட் விஷயம் இப்போ வேண்டாம், அப்புறமா பரிசீலிக்கலாம்."

எங்களுக்குத்தான் கிடைச்சுடுச்சே! பாதிப் பேர் எழுந்து ஜமக்காளத்தை மடிக்க ஆரம்பிச்சாச்சு. மடிக்க முடியல, ஏன்னா ஒரு ஓரத்துல ஜெஸ்ஸி உட்கார்ந்திருந்தா. மெதுவா கையை ஊன்றி எழுந்தா. "பரவால்ல டீச்சர், நீங்க எல்லாரும் போங்க. எனக்காவ யாரும் சண்டை போடாண்டாம்"னு சொன்னா. அவ முகத்தைப் பார்க்க முடியாம ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டோம்.

மேடம் மட்டும் செகரட்டரி சார் முன்னாடி போய் நின்னாங்க.

"சார், கோவிச்சுக்காதீங். ஒரு சந்தேகமுங். ஜெஸ்ஸி இல்லீன்னா செவன் பி-க்கு யார் போறது?"

"புதுசா ஒரு ஆளைப் போடுவோம்மா."

"போடுங். ஆள் வர்ற வரைக்கும் நான் சீட்டு எழுதோணுமில்லீங். எங்க டீச்சருங்க யாருக்கும் அந்த நேரத்துல ஓய்வில்லை, பார்த்துட்டேன். நீங்கதான் இருக்கறீங். வாரம் ஆறு பீரியட். இப்பவே எழுதிக்கட்டுங்களா?"

சத்தியமா சொல்றேன், அதுல மிரட்டல் ஒரு சொட்டு இல்ல. நிஜமான சந்தேகம். பேனா மூடியைக்கூடத் திறந்துட்டாங்க. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து செவன் பி "சார்! சார்! வாபஸ் ஆவோ சார்!"னு, திரும்பி வரச் சொல்லி ஏகக் குரல்ல பாசமா கூப்பிட்டுச்சு. செகரட்டரி சார் முகம் வெளுத்துப் போச்சு.

"கமிட்டி கூடி முடிவெடுக்கணுமே..."ன்னு இழுத்தார்.

"அதான் கூடியிருக்கோமே! மூணு பேரும் இருக்கோமே! எங்கே கையெழுத்து?"ன்னு பொருளாளர் பேனாவைப் பிடுங்காத குறை. நின்ன வாக்குல, கார் பானெட் மேல வெச்சு, பன்னிரண்டு மாச வேலை, கோடைச் சம்பளம், பிரசவ லீவு எல்லாத்தையும் எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. தலைவர் அப்பத்தான் முழுசா கண் திறந்தார்.

ஜெஸ்ஸி தேம்பித் தேம்பி அழுதா. மேடத்துக்கு அழறவங்களை என்ன செய்யறதுன்னு தெரியாது. "சரி சரி, அழுவாத, இன்னும் ஒரு பீரியட் பாக்கி இருக்குது"ன்னு எங்க எல்லாரையும் உள்ளே விரட்டினாங்க. அந்தக் கடைசிப் பீரியட் ஜெஸ்ஸிக்கு செவன் பி. கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் புத்தகத்தை எடுத்தவளைத் தோளைப் பிடிச்சு உட்கார வெச்சாங்க.

"கால் வீங்கிக் கிடக்குது பாரு. நீட்டி உக்காரு. நான் போறேன்."

நான் எய்ட் பி-க்குப் போற வழியில செவன் பி ஜன்னலோரம் நின்னுட்டேன். உள்ளே மேடம் ஒளிச்சேர்க்கைப் பாடத்தைச் சோழர் வரலாறு மாதிரி முழங்கிக்கிட்டு இருந்தாங்க. ஒரு பொண்ணு எழுந்துச்சு.

"மேம், ஜெஸ்ஸி மேம் எங்களை சோட்கே, விட்டுட்டுப் போயிடுவாங்களா?"

மேடம் புத்தகத்தை மூடினாங்க.

"போவாங்க கண்ணு. பாப்பாவைப் பெத்து, ஆசை தீர மடியில வெச்சிருந்துட்டுத் திரும்பி வருவாங்க. அது வரைக்கும் அவங்க இடத்தை யாருக்கும் குடுக்க மாட்டேன். நானே வருவேன், தினமும்."

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பிரசவத்தப்பவும் கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க, ரெண்டும் வேற வேற பள்ளிக்கூடம். என் கிளாஸுக்கு அப்புறம் யார் போனாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. அந்த வராண்டாவுல நின்னு மேடம் குரலைக் கேட்டுக்கிட்டு இருந்தப்போ, ஜெஸ்ஸி மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்துச்சு.