எங்கள் தெருவில் ஒரு மலை

டென்மார்க்கில் ஒரு குழிக்குக்கூடச் சொந்தக்காரர் உண்டு. வீடு வாங்கிக் குடிபோன பிறகுதான் எனக்கு இது தெரிய வந்தது. ஹேர்னிங்கில் எங்கள் வீடு இருக்கும் சின்னத் தெரு கொமூனுக்கு, அதாவது நகரசபைக்கு, உரியதல்ல. அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் பொது. புல் வெட்டுவது, பனி அள்ளுவது, குழி நிரப்புவது எல்லாம் நாங்களேதான். ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி வந்து தாரைப் பிளந்துவிட்டுப் போகும். மற்றத் தெருக்களில் வசந்தத்தில் பூ மலரும், எங்கள் தெருவில் குழி மலரும்.

இதற்கென்று ஒரு தெருச் சங்கமும், வருடத்துக்கொரு பொதுக்கூட்டமும் உண்டு. நான் பல வருடங்களாக ஒழுங்காகப் போய் வந்தேன். (கேக் நல்லாயிருக்கும்.) வாய் திறந்ததில்லை. தலைவர் பிரெபன் எங்கள் எதிர் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வாசல் நிலையில் தலை முட்டும் உயரம். அந்த வருடம் அவர் கவலையோடு சொன்னார், போன தடவை வந்த ஒப்பந்தக்காரர் பூசிய தார் ஒரே குளிரில் தோலுரிந்துவிட்டது என்று. எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த குழியில் ஒரு ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டலாம். யாராவது பொறுப்பெடுக்க முடியுமா என்று அவர் கேட்டதும் ஒரு குரல், "நான் செய்கிறேன்" என்றது. யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"உங்களுக்குத் தார் போடத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"பையில வருது. கொட்டுறது மட்டும்தான்."

"ஏனப்பா தேவையில்லாத வேலை?"

"தமிழ் ஆக்கள் எண்டால் வந்து கேக் திண்டிட்டுப் போற ஆக்கள் எண்டு நினைக்கக்கூடாது பார்."

"ஆக்கள் இல்லை. நீங்கள்" என்றாள் ஜெசிந்தா.

பையில் வரும் அந்தக் குளிர்த் தாரைக் கொட்டினால் மட்டும் போதாது, இயந்திரத்தால் இடித்து இறுக்கவும் வேண்டும். பிரெபன் தன் தம்பியிடமிருந்து ஓர் இயந்திரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாமென்று மர்மமாகச் சிரித்தேன். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அந்த மே மாதம் எங்கள் மகள் மெலனி கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கவிருந்தாள். கோயில் முடிந்து, இரண்டு மணிக்கு வீட்டில் விருந்து. ஓல்போர்க்கிலிருந்தும் புரொண்பியிலிருந்தும் சனம் வரும். எங்கள் சனம் வருவதென்றால் ஒரு காரில் அப்பு ஆச்சி குஞ்சு குருமான் எல்லாம் ஏறி, நிறை பாரத்தோடு வரும். அப்படி இருபது கார் ஒரு குழிக்கு மேலால் போனால் றோலர் எதற்கு? என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு விடியவே எழும்பிக் குழிகளை நிரப்பினேன். கார்கள் ஏறினால் இறங்கிவிடும் என்று தாராளமாகக் கூம்பாகவே குவித்தேன், எங்கள் வாசலில் இருந்ததை இன்னும் கொஞ்சம் அன்பாக. கோயிலால் வரும்வரை யாரும் ஏறாதபடி கதிரைகளைச் சுற்றி வைத்தேன். வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக வந்த மெலனி அதைப் பார்த்துவிட்டு டேனிஷில் கேட்டாள், "அப்பா, இது குழியா, கேக்கா?"

கோயிலால் வந்து கதிரைகளை எடுத்துவிட்டு என் றோலருக்காகக் காத்திருந்தேன். இங்கேதான் ஒரு சின்ன விஷயத்தை மறந்துபோனேன். அழைப்பில் இரண்டு மணி என்று போட்டிருந்தோம். எங்கள் சனத்துக்கு இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்குக் குளிக்கப் போகலாம் என்று அர்த்தம். ஆனால் நான் தெருவிலுள்ள டேனிஷ்காரர்களையும் அழைத்திருந்தேன். அவர்கள் சரியாக இரண்டு மணிக்கு, பூங்கொத்துகளோடு, நடந்து வந்தார்கள்.

பிரெபன் முன்னால் வந்தார். என் கூம்பைக் கண்டதும் நின்றார். பாராட்டாமல் போனால் மரியாதையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு காலாலும் அதில் ஏறி நின்று, சிகரெட் அணைப்பதுபோலக் குதிக்காலைத் திருகிப் பார்த்து, "ஃப்ளொட்!" என்றார். பிரமாதம் என்று பொருள். பின்னால் வந்தவர்களும் தலைவர் செய்ததையே செய்துவிட்டு வந்தார்கள்.

அந்தக் கிழமைதான் ஜெசிந்தா ஆசைப்பட்ட வெளிர் மரத்தரை வீட்டில் போட்டு முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரேயொரு சட்டம், சப்பாத்து வாசலோடு. பிரெபனும் நல்ல மனிதராக, கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். தலைவர், வயது போனவர், முதல் முறையாக வீட்டுக்கு வருகிறார். அவரை வாசலில் குனிய விடுவதா? என் விருந்தோம்பல் பொங்கி எழுந்தது.

"வேண்டாம், வேண்டாம்! அப்படியே வாருங்கள்! எல்லாரும் அப்படியே வாருங்கள்!"

வந்தார்கள். வாசலிலிருந்து வரவேற்பறை, அங்கிருந்து கேக் மேசை, பிறகு மெலனிக்குக் கைகொடுக்க யன்னலடி. யார் எங்கே போனார்கள் என்று கேட்கவே தேவையில்லை, தரையைப் பார்த்தால் போதும். குசினியிலிருந்து றோல்ஸ் தட்டோடு வந்த ஜெசிந்தா அப்படியே நின்றாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் றோல்ஸ் கொடுத்தாள். எனக்கு மட்டும் தரவில்லை.

விருந்தினரில் முதலில் கண்டது பிரெபனின் மனைவி பிர்த. "ஐயோ, தார்!" என்றவர், தாரை எண்ணெய்தான் எடுக்கும் என்றும் சொன்னார். ஜெசிந்தா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். சப்பாத்தெல்லாம் வெளியே போயிற்று. முழு டேனிஷ் கூட்டமும், டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, காலுறையோடு முழந்தாளிட்டுத் தரையைத் தேய்க்கத் தொடங்கியது. நான் கெஞ்சினேன். ஒருவரும் எழும்பவில்லை. எங்கே போய் முகத்தை வைப்பதென்று தெரியாமல் நானும் ஒரு மூலையில் தேய்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓல்போர்க் சூசை அண்ணை குடும்பத்தோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற எல்லாரும்.

"என்னடாப்பா," என்றார் வாசலில் நின்று, "வெள்ளைக்காரரை வேலைக்கு வைச்சிருக்கிறியோ?"

நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு ஒரேயொரு நம்பிக்கைதான் மிச்சமிருந்தது. "அண்ணை, வாசல் குழிக்கு மேலாலதானே வந்தனீங்கள்?"

"எனக்கென்ன விசரோ? உன்ர ரோட்டுக் குழி ஒவ்வொண்டும் எனக்குப் பாடம். வழக்கம்போல காரை ஒதுக்கி வெட்டி எடுத்து வந்தனான். எனக்குப் பின்னால வந்த காரெல்லாம் என்ர தடத்திலதான் வந்தது."

வெளியே ஓடினேன். இருபது கார் வந்து நின்றது. என் கூம்பில் ஒரு சில்லுத் தடமும் இல்லை. பிரெபனின் குதிக்கால் தடம் மட்டும் இருந்தது. தெருவும் போச்சு, தரையும் போச்சு. வீட்டு மதிலடியில் நின்ற எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

பிரெபன் காலுறையோடு பின்னால் வந்து நின்றார். கூம்பைப் பார்த்தார், கார்களைப் பார்த்தார். கணித ஆசிரியரல்லவா, என் றோலர் கணக்கு அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "கணக்கு சரி," என்றார், "ஓட்டுநர்கள்தான் பிழை." பிறகு தன் தார்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூம்பில் ஏறி மிதிக்கத் தொடங்கினார்.

"தார் பட்ட சப்பாத்தோட மட்டும்தான் மிதிக்க வேணும்! புதுசா ஒரு சப்பாத்தில பட்டாலும் இண்டைக்கு ஒருத்தருக்கும் சோறில்லை!" என்று ஜெசிந்தா வாசலில் நின்று அறிவித்தாள். ஆகவே இருந்த டேனிஷ் சப்பாத்துகளையே முறைவைத்து மாட்டினார்கள். சூசை அண்ணையின் மனைவி பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிரெபனின் படகு போன்ற சப்பாத்தில் ஏறி மிதித்தார். யாரோ கார்க் கதவைத் திறந்து பைலாப் பாட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு மிதிப்பது ஆட்டமாகிவிட்டது. மெலனி வெள்ளைச் சட்டையோடு மதிலில் ஏறியிருந்து, பிழையாக மிதித்தவர்களை டேனிஷில் வெளியேற்றினாள். எனக்கு அந்தத் தெருவே என் சொந்தக்காரர்போலத் தோன்றியது. இன்றுவரை அது மாறவில்லை.

மற்றக் குழிகள் சமமாகின. வாசல் குழிதான் நான் அன்பாகக் கொட்டியதாயிற்றே, அது எவ்வளவு மிதித்தும் மேடாகவே இறுகிவிட்டது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை வெட்டியெடுக்க நானே கேட்டேன். கார்கள் இப்போது மெதுவாகப் போகின்றன என்று சொல்லி, எல்லாருமாகக் கையுயர்த்தி என்னைத் தோற்கடித்தார்கள். மட்டமான இந்த ஊரில் அதற்கு "மலை" என்று பெயர். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் மலைக்கு முன்னால் என்பார்கள். தரையில் ஒரு தடம் எந்த எண்ணெய்க்கும் போகவில்லை. அதன்மேல் ஜெசிந்தா ஒரு கால்மிதி போட்டிருக்கிறாள், கோபம் வந்தால் அதைக் காலால் தள்ளிவிடுவாள்.

மெலனி இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். போன மாதம் ஒரு டேனிஷ் பெடியனை முதல் முறையாக வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பூங்கொத்தோடு வந்த பிள்ளை வாசலில் கூச்சத்தோடு குனிந்து சப்பாத்து நாடாவில் கை வைத்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"அப்பா!" என்று மகளும், "இஞ்சருங்கோ!" என்று மனைவியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பெடியன் பயந்துபோய்க் காலுறையையும் கழற்றிவிட்டான்.