பாட்டுப் புத்தகத்தில் ஒரு கடுதாசி

கடுதாசியை மூன்றாம் தடவை படித்ததும் அருள்பிரகாசத்துக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே ஐப்பசி மழை ஊரையே குளிர வைத்துக்கொண்டிருக்க, மனுஷர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கண் முன்னாலேயே இருக்கிறீர்கள். பேசத்தான் வழி இல்லை. ஒரு சாயங்காலமாவது வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்."

அவ்வளவுதான். பெயர் கிடையாது, தேதி கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை பருமன். வரி தொடங்கிய இடத்தைவிட முடிந்த இடம் இரண்டு விரற்கடை உயரம். அவருடைய சொந்த ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் நாலாக மடித்துக் கிடந்தது.

சொந்தப் புத்தகம் என்று பேர்தான். ராயபுரம் மிஷன் வாலிபர் வகுப்பில் இருபத்தெட்டுப் பேருக்குப் பன்னிரண்டு புத்தகம். அதனால் உபதேசியாரான அவர் தன்னுடையதையும் பையன்கள் பக்கம் நீட்டிவிட்டு, மனப்பாடமாகவே பாடுவார். இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, அது துறைமுகத்தில் கரி ஏற்றும் நீலமேகத்தின் கையில் இருந்தது.

"அட பாவி நீலமேகம்!" என்றார் அருள்பிரகாசம், மழையைப் பார்த்து.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சபை மூப்பர் குணசேகரன் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் ஒரே கூரைக்குக் கீழ! காதல் கீதல்னு ஒரு துண்டுக் காயிதம் என் கண்ணுல பட்டா, அன்னிக்கே வகுப்புக்குப் பூட்டு. நீங்க ரெண்டு பேரும் செங்கல்பட்டுக்கு ரயிலேற வேண்டியதுதான்."

செங்கல்பட்டில் ஓய்வாக இருந்த மனுஷரைத்தான் மிஷன் மறுபடி கூப்பிட்டு, மனைவியோடு இங்கே அனுப்பியிருந்தது. வயது அறுபத்திரண்டு. மனைவி சலோமி அம்மாளுக்கு ஐம்பத்தேழு. பிள்ளைகுட்டி கிடையாது. ஆடியில் வந்து இறங்கினார்கள். ஒரே மாதத்தில் காசிமேட்டு மீன்காரப் பிள்ளைகளும் மில்லுக்குப் போகிற பிள்ளைகளும் அவரை 'நைனா' என்றும் அவளை 'அம்மா' என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது வருஷமாகக் காது கேட்காத வார்த்தை. மனுஷர் அதில் கிறங்கிப்போனார். திங்கள் வீடு வீடாகச் சந்திப்பு, செவ்வாய் பாட்டு, வியாழன் ஜெபம், வெள்ளி காய்ச்சல்காரர்களுக்குக் கஷாயம், சனி ஞாயிறு சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம். புதன்கிழமை ஒன்றுதான் அவருக்கு ஓய்வு. அன்றைக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகம் போய்விடுவார்.

கடுதாசி விஷயத்தை சலோமியிடம் அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் பயந்து அழுவாள் என்று நினைப்பு.

அன்று சாப்பாடு போடும்போது அவள் கேட்டாள், "எங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"கூரை ஒழுகறதுதானே? ஓட்டை அடைக்க ஆள் சொல்லியாச்சு."

சலோமி ரசத்தை ஊற்றினாள். ரசத்தில் உப்பு இல்லை. அருள்பிரகாசம் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே கரிக் கிடங்கு வாசலில் நீலமேகத்தைப் பிடித்தார்.

"நீலமேகம், கடுதாசி கிடைச்சுது. எனக்கு எல்லாம் தெரியும்."

ஆறடி ஆள் அப்படியே குந்திவிட்டான். "மன்னிச்சுக்கோ நைனா! குப்பம்மாவத் தையிலே கட்டிக்கலாம்னு கீறேன். அவ அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாத, என் கால ஒடிச்சிடுவான்!"

"குப்பம்மாவா? அவளுக்கு எழுதவே வராதே!"

"அவ ஏன் எழுதணும்? தெனம் மீன் விக்கச் சொல்லோ பாத்துகினுதான கீறேன்."

வந்தது வினை. தேடிப் போன காதல் கிடைக்கவில்லை. தேடாத காதல் ஒன்று கழுத்தில் விழுந்தது. இப்போது இரண்டு ரகசியம்.

உட்கார்ந்து யோசித்தார். எழுத்து, புதிதாக எழுதப் பழகுகிறவர்களின் எழுத்து. அப்படியானால் புதன்கிழமைப் பெண்கள் சிலேட்டு வகுப்பு. பதிப்பகத்தில் காகிதம் மடிக்கப் போகிற நீலாதான் அங்கே வாத்தியார். சலோமி துணைக்கு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வேதாகமம் கடகடவென்று வாசிக்க வரும், எழுத வராது, அந்தக் காலத்துப் படிப்பு அப்படி. ஆகவே பரீட்சையைத் தானே வைப்பது என்று முடிவு செய்தார்.

அன்று சாயங்காலம் முதல்முறையாக அவர் சிலேட்டு வகுப்புக்குள் நுழைந்ததும், பெண்கள் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். சலோமி எதையோ அவசரமாகப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"இங்கயா வந்தீங்க?" என்றாள், முகமெல்லாம் சிவந்து.

"ஆமா, ஆமா. நீ போய் டீத்தண்ணி போடு."

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக உருண்டன.

"எல்லாரும் எழுதுங்க. மழை பெய்கிறது. மாடு நனைகிறது."

எட்டுச் சிலேட்டையும் வாங்கிப் பார்த்தார். எட்டிலும் புளியங்கொட்டை எழுத்து. எட்டிலும் வரி மேலே ஏறியது. நீலாவுக்கே அப்படித்தான் எழுத வரும். அவளிடம் கற்றவர்களுக்கு வேறு எப்படி வரும்? எட்டுப் பேருமே குற்றவாளி என்று பார்த்தால் எவளுமே குற்றவாளி இல்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மூலையில் இரண்டு பெண்கள் விசும்பினார்கள்.

"எங்க விசயம் உனக்குத் தெரிஞ்சுபூட்டுதா நைனா?"

"எந்த விஷயம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பெண்களும் இரண்டு பையன்கள் பெயரைச் சொல்லி அழுதார்கள். ரகசியம் நாலாயிற்று.

வியாழன் ஜெபக்கூட்டத்தில் கடைசி அஸ்திரத்தை விட்டார். அதுதான் மகா முட்டாள்தனம்.

"என்னன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை காலைல வீட்டுக்கு வந்து தானா ஒத்துக்கிட்டா மன்னிப்பு. அதோட அந்த விஷயத்தை மறந்துடுவேன்."

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தார். தூறலில் குடையும் சாக்கும் போர்த்திக்கொண்டு தெருமுனை வரை வரிசை நின்றது. எல்லாம் ஜோடி ஜோடியாக. எண்ணினார். ஆறு ஜோடி.

"அடக் கர்த்தரே," என்றார். "யாராவது மிச்சம் இருக்கீங்களா?"

ஒவ்வொருவராக வந்து ஒப்புக்கொண்டார்கள். கடுதாசி எழுதியதாக மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா மூப்பர் குணசேகரன் குடையோடு அந்தத் தெருவுக்குள் வர வேண்டும்?

"இன்னா உபதேசியாரே, இவ்ளோ பெரிய வரிசை? அரிசி குடுக்கறீங்களா?" என்றவர், வரிசையின் கடைசியில் தன் சொந்த மகன் கருணாகரனைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு தண்டையார்பேட்டைப் பெண்.

"டேய், நீ இங்க இன்னாடா பண்ற?"

"அரிசி வாங்க வந்தேன் நைனா."

அருள்பிரகாசம் பதறிப்போய் நெற்றி வியர்வையைத் துடைக்கத் துண்டை உதறினார். துண்டுக்குள் மடித்துவைத்திருந்த கடுதாசி குணசேகரனின் காலடியில் விழுந்தது. அவர் எடுத்தார். படித்தார். மகனைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"சாயங்காலம் ஒருத்தர் வுடாம கூட்டுங்க," என்றார். குரல் தகரத்தைக் கீறியதுபோல் இருந்தது.

ஆறு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பெண்களோடு சலோமி அம்மாள். நடுவில் மேசைக்குப் பின்னால் மூப்பர் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அருள்பிரகாசம் கைகட்டி நின்றார். அன்று காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூப்பர் கடுதாசியை உரக்கப் படித்தார். 'என் பக்கத்தில் உட்காருங்கள்' என்ற இடத்தில் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் 'ஐயோ' என்று ஒரு குரல். சலோமி அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அருள்பிரகாசத்துக்குத் தாங்கவில்லை. "பெரியவரே, தப்பு என்னுது. ஆறு மணிக்கு மேல இந்தப் பிள்ளைங்க சத்தம் இல்லாம எனக்கு இருக்க முடியாது. பூட்டுப் போட்டுடாதீங்க. போட்டா நானும் சலோமியும் செங்கல்பட்டுல பொழுதன்னைக்கும் எதிரெதிரே உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகிட்டு இருக்கணும். அந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது!"

முக்காடு போட்ட தலை ஒன்று மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

குணசேகரன் தன் மகனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். சொந்தப் பிள்ளையே வரிசையில் நின்ற பிறகு பூட்டு எங்கே போடுவது? "சரி, பூட்டு வாணாம். கண்ணாலத்தையெல்லாம் தையிலே பேசிக்கலாம். ஆனா கூட்டத்துல படிச்சுட்டு இத்த சும்மா வுட முடியாது. இந்தக் காயிதம் எவனுக்கு வந்துதோ அவன் எழுந்து நிக்கட்டும்!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அருள்பிரகாசம் ஒவ்வொரு பையனாகக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து நீலா எழுந்தாள். "அவரு அப்போலேர்ந்து நின்னுகினுதான் கீறாரு பெரியவரே! மூணு மாசமா எங்களோட குந்தி எழுதக் கத்துக்கினு, அம்மா தன் வூட்டுக்காரருக்குப் போட்ட மொத கடுதாசி அது. போய் பக்கத்துல குந்து நைனா!"