கடைசி ஆளுக்குப் பின்னால்

சைக்கிள் போட்டி தொடங்கி ஏழு நிமிடம் ஆகியும் எண்பத்தைந்தாம் எண் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.

அந்த எண்ணைக் கட்டியிருந்த ஐம்பது வயதுக்காரர் குனிந்து முன்சக்கரத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் எண்பத்தாறாம் எண்ணோடு சூர்யமான் தமாங். நன்றாக இருந்த சீட்டைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, கிளம்பலையா?"

"காத்து கம்மியா இருக்கு தம்பி. நீங்க போங்க."

"எனக்கென்ன அவசரம்? சீட்டு ஆடுது. நீங்க முன்னாடி போங்க."

சூர்யமான் முன்னால் போகக் கூடாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

காட்மாண்டுக்காரர்களுக்கு விலை உயர்ந்த சைக்கிள் இருக்கலாம். எங்கள் ஊர் பனௌதியில் சைக்கிள் சங்கத்திடம் ஒரு பலகை இருக்கிறது. 'பதினோரு போட்டி. பாதியில் விட்டு ஜீப் ஏறியவர்: ஒருவரும் இல்லை.' நமோபுத்தா மலை ஏறி இறங்கியவர்களுக்குத்தான் அந்த வரியின் அருமை தெரியும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மார்பு ஓர் அங்குலம் கூடும். அது தானாக வந்த பெருமையில்லை. ஒவ்வொரு போட்டியிலும் கடைசி ஆளுக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவர், போட்டிக்காரர் போலவே எண் கட்டிக்கொண்டு போவார். தான் யாரென்று வாயைத் திறக்க மாட்டார். தன்னைக் கூட்டி வர ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்த நிமிடமே மனிதனுக்குக் கால் துவண்டுவிடும். அதனால் நைசாகப் பேசி, பொய் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி ஊர் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இந்த வருடம் அந்தப் பொறுப்பு சூர்யமானுக்கு. சங்கத் தலைவர் பிஷ்ணு அவனுடைய ரிப்பேர் கடைக்கே வந்து ஷட்டரை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. பலகை உன் கையில இருக்கு."

பிஷ்ணு தங்கமான மனிதர். ஞாபகம்தான் கொஞ்சம் முன்னே பின்னே. தொடக்க வளைவில் ஒரே வரவேற்புத் துணி இரண்டு தொங்கியது அவர் கைங்கரியம்.

கொடி ஆட்டுகிறவர் பொறுமை இழந்து, "ரெண்டு பேரும் போறீங்களா, இல்ல டீ சொல்லவா?" என்று கத்திய பிறகுதான் இருவரும் கிளம்பினார்கள். அதுவும் சேர்ந்து, மாட்டுவண்டி மாடுகள் போல.

எண்பத்தைந்தின் பெயர் ஹீராகாஜி. பக்தபூர்க்காரர், சூர்யமானுக்குப் புதுமுகம். ஏற்றம் தொடங்கியதும் ஷூ கயிறு கட்ட இறங்கினார். சூர்யமானும் இறங்கி, பனிமலையைப் பார்ப்பதுபோல் நின்றான். பனிமலை மேகத்துக்குள் இருந்தது.

"என்ன தம்பி பாக்குறீங்க?"

"மலைய."

"எங்க இருக்கு?"

"உள்ள இருக்கும்ணே."

மனிதர் களைத்துவிட்டார் என்று சூர்யமானுக்குப் பட்டது. தன் மதியத்துக்கு வைத்திருந்த இரண்டு அவித்த முட்டையையும் அவர் கையில் திணித்தான். அவரோ தன் பையிலிருந்து, அரிசிமாவில் வளையமாகப் பொரித்த செல் ரொட்டியை எடுத்து இவன் வாயருகே நீட்டினார்.

"தின்னுங்க. தெம்பு வேணும்ல."

போட்டிக்கு வந்தவர் இப்படிச் சாப்பாட்டை வாரிக் கொடுத்தால் எங்கே உருப்படுவது? சூர்யமான் பெருமூச்சு விட்டான்.

"கவலப்படாதீங்கண்ணே. நமக்குப் பின்னாடி இன்னும் நாலு பேர் வர்றாங்க."

ஹீராகாஜி உற்சாகமாகத் தலையாட்டினார். "நாலு என்ன நாலு, பத்துப் பேர் இருக்காங்க!"

பாவம், அப்படியே நம்பிவிட்டார். சூர்யமானுக்கு மனம் இளகிவிட்டது. இந்த மனிதரை எப்படியும் ஊர் சேர்த்துவிட வேண்டும்.

ஒருவனையாவது முந்தினோம் என்று தோன்றினால் ஆளுக்கு வேகம் வரும் என்று கணக்குப் போட்டான். அடுத்த வளைவில் வேண்டுமென்றே சாய்ந்து விழுந்தான். விழுந்த இடத்தில் கல் இருந்தது. இடுப்பில் பலமாகவே பட்டது.

முந்திப் போக வேண்டியவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முழங்காலைத் தடவினார், இடுப்பைப் பிடித்துவிட்டார், இருந்த தண்ணீரையெல்லாம் இவன் காயத்தில் ஊற்றினார்.

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல! ஜீப்பு கீப்புன்னு யோசிக்காதீங்க. இத விடப் பெரிய அடியெல்லாம் நான் பாத்திருக்கேன்."

"நான் எங்க ஜீப்பக் கேட்டேன்? நீங்க போங்கண்ணே!"

"உங்கள விட்டுட்டா? அதெப்படி?"

மலை உச்சியில், மடாலத்து மணி கேட்கும் இடத்தில், சூர்யமான் வேறு வழியில்லாமல் ஒரு வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். துணைக்கு ஆள் இல்லையென்றால் தானாகப் போவார் அல்லவா? கால்மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தான். ஹீராகாஜி அரைக் கிலோமீட்டர் இறங்கிப் போய்விட்டு, இவனைக் காணோமென்று அதே மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"எங்க போனீங்க?"

"ஒன்னுக்கு."

"கால்மணி நேரமா?"

கேட்டபடியே கடைசி மேட்டை மிதித்தபோது ஹீராகாஜியின் செயின் பட்டென்று அறுந்தது. மேட்டில் முக்கி முக்கி ஏறி வந்ததன் பலன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே எங்கோ ஜீப் ஹாரன் கேட்டது.

சூர்யமான் கண் முன்னால் பலகை வந்து நின்றது. பதினோரு வருடம்! பன்னிரண்டாவது வருடம், தன் கையிலா? தன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டான், செயினைக் கழற்றினான், அவர் சைக்கிளில் மாட்டினான்.

"என்ன பண்றீங்க? அப்ப நீங்க?"

"எனக்கு இறக்கம்தானே, உருண்டே வந்துருவேன். நீங்க கிளம்புங்க."

ஹீராகாஜியின் கண் கலங்கிவிட்டது. "தம்பி, முப்பது வருஷமா சைக்கிள் ஓட்டுறேன். இப்படி ஒரு போட்டிக்காரன நான் பாத்ததில்ல."

இறக்கம் முடிந்து, வயல்களுக்கு நடுவே சமநிலம் வந்தது. சூர்யமானின் சைக்கிள் நின்றுவிட்டது. முன்னால் போயிருக்க வேண்டியவர் காத்திருந்தார். பையிலிருந்த பழைய டியூபை எடுத்து இரண்டு சைக்கிளையும் முடிச்சுப் போட்டார்.

"வேணாம்ணே! உங்க நேரம் வீணாப் போகுது!"

"என் நேரம் கிடக்குது. உக்காருங்க."

வழியில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். "மாமா மருமகன இழுத்துட்டுப் போறாரு டோய்!" சூர்யமானுக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். இழுத்துக்கொண்டு போனாலும் அந்த மனிதர் தன் காலால் மிதித்து ஊர் வருகிறாரே, அது போதும்.

மூன்று மணிக்கு முடிவுக் கோடு தெரிந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஹீராகாஜி பிரேக் பிடித்தார். முடிச்சை அவிழ்த்தார்.

"போங்க தம்பி."

"நீங்க போங்கண்ணே."

"பெரியவன் சொல்றேன், போங்க."

"பெரியவங்கதான் முதல்ல போகணும்."

இருவரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பரிசெல்லாம் கொடுத்து முடிந்திருந்தது. மீதிக் கூட்டம் மோமோ தட்டோடு வேடிக்கை பார்த்தது. சூர்யமான் பொறுத்துப் பார்த்தான். கடைசியில், எண்களைக் குறித்துக்கொள்ளும் மேசையில் இருந்த சிர்ஜனாவைப் பார்த்துக் கத்தினான்.

"சிர்ஜனா, எழுதிக்க! கடைசி ஆள் வந்தாச்சு! ஜீப் இல்ல! பன்னெண்டாவது வருஷமும் யாரையும் விட்டுட்டு வரல!"

ஹீராகாஜி திகைத்துத் திரும்பினார். "அத நான்ல சொல்லணும்?"

சிர்ஜனா நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"போட்டிக்காரங்க எம்பத்துநாலு பேரும் பன்னெண்டு மணிக்கே வந்தாச்சு. கடைசி ஆளுக்குப் பின்னாடி போகச் சொல்லி பிஷ்ணு அண்ணன் மறந்துபோயி ரெண்டு தடவ அனுப்பின ரெண்டு பேரத்தான் ஜீப் விட்டுத் தேடிட்டிருக்கோம்!"