கணக்கு வராத டீச்சர்

கணக்கு வராதவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களே கையைத் தூக்கிச் சொல்லிவிடுவார்கள். எழுதப் படிக்க வராது என்பதைச் செத்தாலும் வெளியே சொல்லாத மனிதர், கணக்கு வராது என்பதை மட்டும் ஏதோ பட்டம் வாங்கியவர் போலச் சிரித்துக்கொண்டே சொல்வார். “நமக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாதுங்க.” சொல்லிவிட்டு நீங்களும் சிரிக்கிறீர்களா என்று பார்ப்பார். நீங்களும் சிரித்து வைப்பீர்கள்.

இந்த இனத்தில் ஒரு தனிக் கிளை உண்டு: நாளைக்குக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறவர்கள். நம்ப முடியவில்லையா? ஏதாவது ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள்.

அப்படி ஒரு கல்லூரியில்தான் படித்துக்கொண்டிருந்தாள் பார்டர் அக்கா. மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் தானும் படிக்க வந்தவள் என்பதால் அக்கா. பார்டர் என்பது குழு வேலையில் கிடைத்த பெயர். விரிவுரையாளர் மேடம், “நாலு பேரா உட்காருங்க, கலந்து பேசிப் போடுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா சார்ட்டை விரித்து, அளவுகோலை வைத்து, சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரட்டைக் கோடு இழுத்து, நாலு மூலையிலும் பூ வரைந்து, வண்ணக் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி ஓரமெல்லாம் ஒட்டி, தலைப்புக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருப்பாள். மற்ற மூவரும் உள்ளே கணக்கோடு மல்லுக்கட்டுவார்கள். கடைசியில் சார்ட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்று, நன்றி சொல்வதும் அக்காதான். பார்டர் அவ்வளவு அழகு. அதற்குள்ளே இருப்பது அவளுக்குத் தெரியுமா என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

குழுவுக்கு மதிப்பெண் வந்தது. அக்காவுக்குக் கணக்கு வரவில்லை. எல்லோருக்கும் சௌகரியம்.

அந்தச் சௌகரியத்தில் ஒருநாள் மேடம் மண்ணைப் போட்டார். “கடைசிப் பயிற்சி வகுப்பை ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து எடுக்கணும். ரெண்டு பேரும் பேசணும். ரெண்டு பேருக்கும் ஒரே மார்க். போச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம் போச்சு.”

அக்காவுக்கு ஜோடியாக வந்தவன் ஃபார்முலா. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சூத்திரம் ஒப்பிப்பான். இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்.

“கணக்கு என் பொறுப்புக்கா. சார்ட்டும் சிரிப்பும் உங்க பொறுப்பு.”

“அது போதும் தம்பி, பாக்கியை நான் பாத்துக்கறேன்,” என்றாள் அக்கா. பாக்கி என்று என்ன இருந்ததோ!

அந்த நாளும் வந்தது. பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு. பின்வரிசையில் மேடம். அக்கா வணக்கம் சொன்னாள், கைதட்ட வைத்தாள், சார்ட்டைத் தொங்கவிட்டாள். வேலை முடிந்தது. ஃபார்முலா பலகையில் இரண்டை அரையால் வகுத்தான். “அரையைத் தலைகீழாப் போட்டுப் பெருக்கு. விடை நாலு.”

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “சார், வகுத்தா குறையத்தானே செய்யும்? ரெண்டு எப்படி நாலாச்சு?”

“அதுதான் விதி.”

“ஏன் சார்?”

“விதிக்கு ஏதும்மா ஏன்?”

ஓரத்தில் நின்ற அக்கா அந்தச் சிறுமியையே பார்த்தாள். அவளும் சின்ன வயதில் இதையேதான் கேட்டாள். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அவள் எதையும் கேட்டதில்லை. கோடு போடக் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் முகம் சுண்டி உட்காரப் போவதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“உட்காராதே கண்ணு. எனக்கும் அதே சந்தேகம்தான்.”

ஃபார்முலா திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அக்காவோ, பார்டருக்கு வைத்திருந்த வண்ணப் பட்டைகளில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினாள். “ரெண்டு பட்டையில எத்தனை அரை இருக்கு?”

“நாலு!” என்றது வகுப்பு.

அக்காவுக்கே தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவுதானா?

ஃபார்முலாவுக்கு ரோஷம். “அப்ப ரெண்டை முக்காலால வகுங்க பாப்போம்.”

அக்கா இன்னும் இரண்டு பட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றையும் நாலாக மடித்து, முக்கால் பாகத்தை வெட்டினாள். முக்கால் துண்டுகள் இரண்டு. மிச்சம் இரண்டு கால். “ரெண்டு துண்டு, மிச்சம் ஒரு அரை. ஆக ரெண்டரை.”

“இல்லக்கா. விதிப்படி ரெண்டும், மூணுல ரெண்டு பங்கும்.”

“கண்ணு முன்னாடி அரை இருக்கே!”

“விதி பொய் சொல்லாதுக்கா.”

“அப்ப என் கத்தரிக்கோல் பொய் சொல்லுதா?”

இரண்டு டீச்சர்கள் சண்டை போடுவதைவிடக் குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்? வகுப்பு வாய் பிளந்து பார்த்தது. பின்வரிசையில் மேடத்தின் பேனா நின்றுவிட்டது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற அந்தப் பழைய வாக்கியம் அக்காவின் நுனிநாக்குவரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்து, அதோடு விட்டிருப்பார்கள். அவள் அதை விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கால்களையும் ஒரு முக்கால் துண்டின்மேல் வைத்துப் பார்த்தாள். ஓரிடம் மட்டும் காலி.

“தம்பி, இந்த மிச்சத்தை நாம எதால அளக்கணும்? முழுப் பட்டையாலயா, முக்கால் துண்டாலயா?”

ஃபார்முலா குனிந்து பார்த்தான். “முக்காலாலதான்... முக்கால்ல மூணு கால். நம்ம கையில ரெண்டு கால்.” நிமிர்ந்தான். “மூணுல ரெண்டுக்கா! இத்தனை வருஷமா தலைகீழாத் திருப்பிட்டே இருக்கேன். எதுக்குத் திருப்பறேன்னு ஒருநாளும் யோசிச்சதே இல்ல.”

“நான் திருப்பவே பயந்துட்டிருந்தேன்,” என்றாள் அக்கா.

மேடம் எழுதியிருந்த குறிப்பு இதுதான்: ‘பாடம் திட்டப்படி முடியவில்லை. ஆசிரியர்கள் மாணவர்முன் வாதாடியது முறையல்ல.’ ஏதோ தேறும் அளவுக்கு மதிப்பெண். வாழ்நாளில் அவ்வளவு குறைவாக வாங்கியறியாத ஃபார்முலா அன்றைக்குக் கேன்டீனில் எதுவும் சாப்பிடவில்லை. அக்கா வீட்டுக்கு ஓடி மதிப்பெண் தாளைக் கணவனிடம் நீட்டினாள்.

“கம்மியா இருக்கே?”

“கம்மிதான். ஆனா என்னோடது.”

இப்போது அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பெற்றோர் கூட்டம் வந்தால், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே ஒரு தாய் பெருமை பொங்கச் சொல்வாள்: “எங்க பரம்பரைக்கே கணக்கு வராது டீச்சர், இவனுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?” பையன் முகத்தில் விடுதலையான நிம்மதி. அக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவாள். “நீங்களும் உட்காருங்க. மூணு பேருமாச் சேர்ந்து ஒண்ணு போட்டுப் பாப்போம்.” அந்தத் தாய்க்கு உடனே வீட்டில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள்: இதைப் படித்து வரும்போது முக்கால், கால் என்று வந்த இடத்தில் மட்டும், ‘இதெல்லாம் நமக்கெதற்கு’ என்று கண்ணைக் கொஞ்சம் வேகமாக ஓட்டி, சண்டை வந்த இடத்தில் மறுபடி நிதானமானீர்களே, அது எந்த இனத்தின் அடையாளம்?