பைருவேட் ஒத்துழையாமை

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் காலங்காலமாகக் கூலியின்றி உழைத்துவந்த பைருவேட்டுக்கு முறைப்படி பணி நியமனம் வழங்கிய பெருமை, சட்டை தைக்கும் அந்த ஆலையின் மேலாளரையே சேரும். அந்தப் பெருமையில் தனக்கும் பங்குண்டு என்பதை முதலுதவி அறை நர்ஸ் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

ஆலையில் நடந்த 'உடலும் உற்பத்தியும்' கூட்டத்தில் பத்து நிமிடம் பேசியது அவள்தான். சர்க்கரை செல்லுக்குள் போய் உடைந்தால் பைருவேட். அதுவரை கிடைக்கும் சக்தி சொற்பம். ஆக்ஸிஜன் இருந்தால் பைருவேட் மைட்டோகாண்ட்ரியா என்ற உள்ளறைக்குள் நுழையும். பெரும்பங்கு சக்தி அங்கேதான். இல்லாவிட்டால் வாசலிலேயே லாக்டேட்டாக மாறிவிடும்.

"அப்போ ஆக்ஸிஜன் இல்லாமலும் வேலை நடக்கும்?" என்றார் மேலாளர்.

"கொஞ்ச நேரம் நடக்கும் சார். நாய் துரத்தினா ஓடுறதுக்கு. ஷிஃப்ட் பூரா ஓட முடியாது."

"நாய் நிக்கலேன்னா?"

அரங்கம் கைதட்டியது.

மறுநாள் சுற்றறிக்கை. பைருவேட்டின் வேகத்துக்கு இடையூறாக இருந்த பதினோரு மணி இடைவேளை நீக்கப்பட்டது. வேடிக்கை பார்க்கத் தூண்டிய மூன்றாம் மாடி ஜன்னல்கள் பூட்டப்பட்டன. சாவி மேலாளரின் சட்டைப்பையில் குடியேறியது.

முதல் வாரம் ஆறு பேர் மயங்கி விழுந்தார்கள். முதலுதவிப் பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு.

"பைருவேட் ஒத்துழையாமைன்னு எழுதுங்க" என்றார் மேலாளர்.

"வெக்கை சார்."

"வெக்கைன்னா ஆலை மேல தப்பு. பைருவேட்னா அவங்கவங்க உடம்பு மேல தப்பு. உங்களுக்கு வேலை வேணுமா, வெக்கை வேணுமா?"

அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. எழுதினாள். அடுத்த சுற்றறிக்கை வந்தது: மூன்று முறை ஒத்துழைக்காத பைருவேட்டை வைத்திருப்பவர், அதைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

வியாழக்கிழமை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து படுக்க வைத்தது அவள் தங்கையை. காலர் தைப்பவள். முகத்தில் தண்ணீர் பட்டதும் கண் திறந்தாள்.

"அக்கா, எழுதிடாத. இது எனக்கு மூணாவது."

"எழுதலேன்னா என் வேலை போகும்டி."

"அப்போ என்னதான் எழுதப்போற?"

"உள்ளதை."

"உனக்குக் கிறுக்கா? சாயங்காலம் கையெழுத்துக்கு மேலாளர்கிட்டதானே போகும்?"

"போகட்டும். இத்தனை நாள்ல அந்தப் பேனா படிக்கிறதுக்கு நின்னு நான் பார்த்ததில்ல."

அன்று மாலையும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். வெக்கையால் ஒருவர்கூட மயங்காத ஆலைக்குப் பாதுகாப்பு விருது கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் வந்தார். பதிவேட்டைப் புரட்டியவரின் விரல் கடைசிப் பக்கத்தில் நின்றது. நர்ஸ் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதை அவள் ஏற்கெனவே இரண்டு முறை துடைத்திருந்தாள்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'காரணம்: வெக்கை. பைருவேட் மேல் குற்றமில்லை. ஜன்னல் பூட்டியிருந்தது. பூட்டி, சாவியை வைத்திருப்பவர்:'

அதன் கீழே ஒரு கையெழுத்து.

"இது உங்களோடதுதானே?" என்றார் ஆய்வாளர்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாப் பக்கத்துலயும் என்னோடதுதான் சார். படிச்சுப் பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல."